கைரேகையும் கைப்பொருளே



பொன்னையும் பொருளையும் பூட்டி வைக்க நாம் அறிவோம். பிள்ளையின் காதணி முதல் வீட்டுப் பத்திரம் வரை எது எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று இருட்டிலும் சொல்லுவோம். ஆயின் நம் பெயர், பிறந்த நாள், முகவரி, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு, கைரேகை ஆகியவற்றை அவ்வாறு காக்கிறோமா? சிம் அட்டை விற்கும் கடைக்காரர் கேட்கிறார், கொடுக்கிறோம். பரிசுக் குலுக்கல் என்று ஒருவர் படிவம் நீட்டுகிறார்; நிரப்புகிறோம். வேலை வாங்கித் தருவதாகக் கூறும் தரகர் ஆதார் நகல் இரண்டு வேண்டுமென்கிறார், மூன்றாகவே தருகிறோம். எதற்காக என்று கேட்பது மரியாதைக் குறைவு என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர்.

இத்திங்கள் இப்பொருள் பற்றிச் சில கூற விழைகிறோம். இதனைப் பேசுவதற்குத் தங்கவயல் மக்களாகிய நமக்குத் தனியுரிமை உண்டு. ஏனெனில், ‘எதற்காக?’ என்னும் அக்கேள்வியை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கேட்ட ஊர் நம் ஊர்.

1930-ஆம் ஆண்டில் தங்கவயல் சுரங்கங்களில் பணிபுரிந்த தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய ஏற்பாடு நடந்தது. அதனை எதிர்த்துத் தொழிலாளர் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். வேறு மனக்குறைகளும் அவர்தம் நெஞ்சில் இருந்திருக்கலாம். ஆயினும் அந்நெருப்புக்குப் பொறியாய் அமைந்தது கைரேகைப் பதிவே. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். அன்றாடக் கூலி இல்லையேல் அடுப்பு எரியாது. அப்படிப்பட்டவர்கள் மூன்று வாரக் கூலியை இழக்கத் துணிந்தனர் என்றால், அவர்கள் கண்ட ஆபத்து சிறியதாய் இருந்திருக்க முடியாது.

அவ்வாபத்து யாது? சற்றே எண்ணிப் பார்ப்போம். சுரங்க வாயிலில் தொழிலாளரின் உடலைச் சோதிப்பது அன்று வழக்கமாக இருந்தது. அது இழிவே. எனினும் அச்சோதனை அன்றன்றோடு முடிந்து போவது. வாயிலைக் கடந்தபின் அவன் தன்னுரிமை உடையவன். பதிவேடோ அவ்வாறு முடிவதன்று. அது அலுவலகத்திலேயே தங்கியிருந்து அவனைத் தொடரும். தங்கவயலின் பெருஞ்சுரங்கங்கள் யாவும் ஜான் டெய்லர் நிறுவனம் ஒன்றின் மேலாண்மையிலேயே இயங்கின. ஒரு சுரங்கத்தில் விலக்கப்பட்டவன் வேறு பெயர் கூறி அடுத்த சுரங்கத்தில் பிழைத்துக்கொள்ள அதுவரை ஒரு வழி இருந்தது. பெயரை மாற்றலாம், விரலை மாற்ற இயலுமா? ஒருமுறை பதிந்த ரேகை வாழ்நாள் முழுவதும் அவனைக் காட்டிக் கொடுக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர் பலர் இருந்த அக்கூட்டத்தினர் இந்த நுட்பத்தைப் படித்தவர்களுக்கு முன்பே உணர்ந்தனர்.

நம் முன்னோருக்குக் கால் நூற்றாண்டு முன்னரே, மற்றொரு தங்க நகரத்தில் தமிழர் இதே இக்கட்டைச் சந்தித்தனர். அந்நகரம் தென்னாப்பிரிக்காவின் ஜோகனஸ்பர்க். ஆசிய மக்கள் கைரேகை தந்து பதிவுச் சீட்டுப் பெற வேண்டும், காவலர் கேட்கும் இடத்தில் அதனைக் காட்ட வேண்டும் என்று டிரான்ஸ்வால் அரசு 1906-இல் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று எம்பயர் நாடக அரங்கில் இந்தியர் திரளாகக் கூடி, அதற்குப் பணிவதில்லை என்று உறுதி பூண்டனர். காந்தியடிகளின் அறப்போர் பிறந்தது அன்றுதான். தம்பி நாயுடு போன்ற தமிழர் தலைவர்கள் அப்போரில் முன்னணியில் நின்று சிறை புகுந்தனர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 1908 பிப்ரவரியில் அதே காந்தியடிகள் தாமாகவே முன்வந்து பதிவு செய்துகொள்ளப் புறப்பட்டார். இந்தியர் மனமுவந்து பதிந்தால் கட்டாயச் சட்டம் நீக்கப்படும் என்று ஜெனரல் ஸ்மட்ஸ் ஒப்புக்கொண்டதாக அவர் நம்பினார். இஃது என்ன முரண் என்று சினந்தோர் சிலர் வழியிலேயே அவரைத் தாக்கினர். உடன் சென்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். அடிகள் கொண்ட கொள்கை யாதெனில், கட்டாயத்தால் தருவது அடிமைத்தனம், உடன்பட்டுத் தருவது நல்லெண்ணம் என்பதே. ஆயின் சட்டம் நீக்கப்படவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 16 அன்று 2,000-க்கு மேற்பட்ட பதிவுச் சீட்டுகள் ஜோகனஸ்பர்க் பள்ளிவாசல் திடலில் தீக்கு இரையாயின. உடன்பாடு எந்த நிபந்தனையின் மேல் தரப்பட்டதோ அது மீறப்படுமானால், உடன்பாடும் முறிந்தது என்பதே அத்தீ கூறிய பொருள்.

இவ்வளவு கூறியதனால், பதிவேடு என்றாலே பகை என்று எவரும் எண்ணற்க. பதிவேட்டின் மறுபக்கத்தையும் தங்கவயல் நன்கறியும். 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின், நம் இல்லங்களில் எதனைத் தேடினோம்? வேலைச் சான்று, சம்பளச் சீட்டு, வருங்கால வைப்புநிதிக் கணக்கு ஆகிய பழந்தாள்களையன்றோ! உழைத்த ஆண்டுகளுக்கு அவையே சாட்சி. ஒரு தாளில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரே பெயர், இருவர் பெயராகத் தோன்றி வேலையைக் கெடுப்பதும் உண்டு. ஆதலின் பதிவேடு இருத்தல் தீதன்று. நம்மைப் பற்றி எழுதப்பட்டதை நாம் காண இயலாமையும், பிழையைத் திருத்த இயலாமையும், தந்த காரணத்துக்கு அப்பால் பிறர் அதனைப் பயன்படுத்துதலுமே தீது.

இம்மூன்றாம் தீமைக்கு நம் மாநிலத்திலேயே அண்மைச் சான்று உண்டு. ஆதார் எண்ணும் கைரேகையும் கொண்டு வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் முறை நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. வங்கி இல்லாத சிற்றூர்களுக்கு அது பேருதவி. ஆயின் 2023-ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் பலர் தாம் எடுக்காத பணம் தம் கணக்கிலிருந்து மறைந்ததைக் கண்டு காவல் நிலையம் சென்றனர். நிலப் பத்திரங்களில் பதித்திருந்த பெருவிரல் ரேகையைப் படியெடுத்து, அதற்குப் போலி செய்து, அப்பணத்தைக் கள்வர் எடுத்தனர் என்பது விசாரணைகளில் வெளியாயிற்று. பத்திரங்களின் படிகளில் கைரேகையும் ஆதார் எண்ணும் மறைக்கப்பட வேண்டும் என்னும் ஏற்பாடு அதன்பின்னரே வந்தது. வீடு வாங்கியதற்குச் சாட்சியாக இட்ட ரேகை, வீட்டாரின் சேமிப்பைத் திறக்கும் கள்ளச் சாவியாயிற்று! பூட்டின் சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். கடவுச்சொல் வெளிப்பட்டால் வேறொன்று வைக்கலாம். விரல் களவு போனால் வேறு விரலுக்கு எங்குச் செல்வது? 1930-இல் நம்மவர் கண்ட உண்மையும் இதுவேயன்றோ!

சட்டம் நமக்குத் துணை நிற்கிறதா? ஓரளவு நிற்கிறது. கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்து ஓய்வுபெற்ற கே. எஸ். புட்டசாமி அவர்கள் ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல் உச்சநீதிமன்றம் சென்றார். அவ்வழக்கில் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் காத்தல் குடிமக்களின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். 2018 செப்டம்பர் 26-இல் வந்த மற்றொரு தீர்ப்பு, அரசின் நலத்திட்டங்களுக்கும் வருமான வரிக்கும் ஆதார் கேட்பதை ஏற்றது. ஆயின் பள்ளிச் சேர்க்கைக்கு அதனைக் கட்டாயமாக்கலாகாது என்றது. தனியார் நிறுவனங்கள் தம் விருப்பம்போல் ஆதாரைப் பயன்படுத்த வழி செய்த சட்டப் பகுதியையும் நீக்கியது.

2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நம் விவரங்களைத் திரட்டுவோர், எவற்றை எதற்காகக் கேட்கின்றனர் என்று முன்னரே அறிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ பெறலாம். அவற்றுள் தமிழும் ஒன்று. கன்னட நாட்டில் வாழும் நமக்கு இது சிறு பேறன்று. தந்த இசைவைத் திரும்பப் பெறவும், பிழையைத் திருத்தவும், தேவை தீர்ந்தபின் அழிக்கச் சொல்லவும் உரிமை உண்டு. 18 வயது நிரம்பாதோரின் விவரங்களுக்குப் பெற்றோர் இசைவு வேண்டும். காவாது விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். அரசுத் துறைகளுக்கு இச்சட்டம் தாராளமாக விலக்களிக்க இடந்தருகிறது என்பது அறிஞர் பலர் காட்டிய குறை. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகளுக்கு அதன்பின் 18 மாதத் தவணை தரப்பட்டது. ஆகவே சட்டம் வந்து காக்கட்டும் என்று வாளாவிருத்தல் தகாது.

இல்லத்தார் இன்றே செய்யத்தக்கவை சில உள.

முதலாவது, ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலோ செயலியிலோ நம் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். பூட்டியபின் கள்வன் போலி ரேகை வைத்தாலும் செல்லாது. நியாயவிலைக் கடையில் விரல் வைக்க வேண்டிய நாளில் சிறிது நேரம் திறந்து மீண்டும் பூட்டலாம். இளைஞர்கள் தம் வீட்டு முதியோர்க்கு இதனைச் செய்து தருதல் கடமை.

இரண்டாவது, அடையாளம் காட்டினால் போதும் என்னுமிடத்தில் முழு ஆதார் நகலைத் தரவேண்டா. 12 இலக்கங்களில் இறுதி நான்கு மட்டுமே தெரியும் நகல் ஒன்றை ஆணையமே வழங்குகிறது. தரும் நகலின்மேல் எவருக்கு, எதற்கு, எந்நாளில் தந்தோம் என்று எழுதிக் கையொப்பமிடுக. மை சிறிது செலவாகும், மானம் காக்கும்.

மூன்றாவது, கைபேசியில் புதிய செயலி எதனையும் நிறுவும்போது அது கேட்பதைப் படித்துப் பார்க்க. விளக்கு எரிக்கும் செயலிக்கு நம் உறவினரின் தொலைபேசி எண்கள் எதற்கு? நாம் இசைந்தால் போவது நம் விவரம் மட்டுமன்று. நம்மை நம்பி எண் தந்தோர் அனைவரின் விவரமுமே.

நான்காவது, பணம் களவு போயிற்றென அறிந்தவுடன் நாணி வீட்டிலிருத்தல் கூடாது. உடனே இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். அந்த எண் 1930. தங்கவயலார் இவ்வெண்ணை மறக்க வழியில்லை. நம் பாட்டனார் காலத்து வேலைநிறுத்த ஆண்டும் அதுவேயன்றோ!

இறுதியாக, ஊருக்கு உரைக்கும் நெறி நம் சங்கத்துக்கும் பொருந்த வேண்டும். சங்கப் பதிவேட்டில் குடும்பங்களின் பெயரும் முகவரியும் உள்ளன. மணமாகாத பெண்மக்களின் வயதும், தனித்து வாழும் முதியோரின் தொலைபேசி எண்ணும் உள்ளன. திருமணத் தரகரோ, தேர்தலில் நிற்பவரோ, சீட்டு நிறுவனத்தாரோ வந்து கேட்டால், நட்புக்காகவும் அவற்றைத் தரலாகாது. உறுப்பினர் தம் பக்கத்தைப் பார்க்கவும் திருத்தவும் எந்நேரமும் இடமிருத்தல் வேண்டும். விலகிச் சென்றோரின் விவரம் நீக்கப்படல் வேண்டும். வரும் பொதுக்குழுவில் இதனை ஒரு தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டுமென உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

மாரிக்குப்பத்தில் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூருக்கு உழைக்கச் செல்லும் நம் பிள்ளைகளிடம், வேலைக்குச் சேரும் இடமெல்லாம் விரலையும் முகத்தையும் கேட்கிறார்கள். தருவது குற்றமன்று. எதற்காக, எத்தனை நாளுக்கு, வேறு எவர் கைக்குப் போகும் என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டுத் தருவதே முறை. அவற்றைப் பணிவாகக் கேட்கலாம். கேளாதிருக்க மட்டும் வேண்டா. கூலியையும் இழந்து அதனைக் கேட்டவர்களின் வழித்தோன்றல்கள் நாம்.