கிலோமீட்டர் பொய் சொல்லும் பாதை

வண்டி வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. பிரேக் லைனிங் கருகுகிற வாசனை. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் நடுவே 27 வருடம் பஸ் ஓட்டியவன் மூக்குக்கு அது தப்பாது. பொங்கல் லீவு முடிந்து ஜனம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். அந்த மலைப்பாதையில் இருக்கிற பர்லியார் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக் கார் ஒன்று ஓரங்கட்டியது. முன்சக்கரம் இரண்டிலும் புகை. ஓட்டி வந்த தம்பி இறங்கி, தண்ணீர் கேனைத் திறந்துகொண்டு சக்கரத்தை நோக்கிப் போனார்.

“தம்பி, ஊத்தாதீங்க! இந்தச் சூட்டுல பச்சைத்தண்ணி பட்டா டிஸ்க் விரிசல் உட்டுரும். தானா ஆறட்டும். வாங்க, ஒரு டீ குடிங்க.”

வந்து உட்கார்ந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. கடைசி இரண்டு வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனதாம்.

“எந்த கியர்லங்க வந்தீங்க?”

“ஆட்டோமேட்டிக்குங்க ஐயா. டி-லயேதான் வந்தேன். அம்பது கிலோமீட்டர்தானே, ஒன்றரை மணி நேரம்னு போன்ல காட்டுச்சு.”

அந்தப் போன் பொய் சொல்லவில்லை. ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அவர் கடக்க வேண்டியது ஐம்பது கிலோமீட்டர் மட்டும் அல்ல. கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் கீழே விழுந்துகொண்டிருந்தார், வளைந்து வளைந்து. அதைத்தான் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையை அடுத்த முறை உற்றுப் பாருங்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் கடல் மட்டத்திலிருந்து ஊரின் உயரம் போட்டிருக்கும். மேட்டுப்பாளையம் 326 மீட்டர், ஊட்டி 2,203 மீட்டர். வித்தியாசம் 1,877. மலை ரயில் போட்டவர்களுக்கு 46 கிலோமீட்டர் தூரம் பெரிய விஷயமாக இருந்திருக்காது. இந்த 1,877தான் அவர்களை ஆட்டி வைத்தது. கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிற செங்குத்து. சாதாரணச் சக்கரம் வழுக்கும் என்பதால் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போட்டார்கள். என்ஜினைப் பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கம் மாட்டினார்கள். ஏறும்போது அது தள்ளும், இறங்கும்போது தாங்கும். பெட்டிக்கொரு பிரேக்மேன் வேறு. குன்னூர் வரை 1899-இலும் ஊட்டி வரை 1908-இலும் ரயில் வந்து சேர்ந்தது. இன்றும் மேலே போக ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. உயரத்துக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்து ஓடுகிற வண்டி அது. பக்கத்திலேயே ஓடுகிற ரோட்டில் நாம் கிலோமீட்டர் கல்லை மட்டும் நட்டு வைத்திருக்கிறோம்.

என் மகள் பள்ளியில் பிசிக்ஸ் எடுக்கிறாள். அந்தக் காரின் கதையைச் சொன்னபோது பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஆட்களோடு ஒன்றரை டன் வருகிற கார் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால், அந்த எடை கீழே வருவதால் பிறக்கிற சக்தி ஏறக்குறைய 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமாம். கல்யாண வீட்டு அண்டா ஒன்று! காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதிச் சூட்டுக்கு இரண்டே வழி. கியரைக் குறைத்தால் என்ஜின் வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் நான்கு சக்கரத்து பிரேக்கும் வாங்க வேண்டும். பிரேக் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகிவிடும். என்னைப் பழக்கிய பழைய டிரைவர் அண்ணன் இந்தக் கணக்கெல்லாம் போட்டதில்லை. “எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல எறங்குடா” என்பார். முடிந்தது பாடம்.

சரி, அந்தக் காருக்கு வருவோம். பின் சீட்டிலிருந்து எட்டு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை இறங்கி வந்தது. கையில் காலித் தண்ணீர் பாட்டில், மூடி இறுக்கி மூடியது, இடுப்பில் ஒடுங்கிப்போய்.

“தாத்தா, இத நான் நசுக்கல. அதுவா நசுங்கிருச்சு.”

அம்மா நம்பவில்லை போலிருக்கிறது. நான் நம்பினேன். ஊட்டியில் காற்றின் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அந்த லேசான காற்றை உள்ளே வைத்து மூடிக்கொண்டு கீழே வந்தால் வெளிக்காற்று கனத்து பாட்டிலை அழுத்தும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் லவ்டேல் போவதற்குள் பலூன் மாதிரி உப்புவதும் இதனால்தான். காது அடைப்பதும், ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாமல் படுத்துவதும் இதே கதை. அந்தக் குழந்தை கையில் வைத்திருந்தது ஒரு உயரமானி. காரில் இருந்தவர்களில் மலையைக் கவனித்தது அது ஒன்றுதான்.

பஸ்ஸில் எனக்கும் உயரமானி கிடையாது. ஜன்னல்தான். கல்லாறில் இரண்டு பக்கமும் பாக்குத் தோப்பு, சட்டை முதுகில் ஒட்டும். பர்லியாரில் பலா, ஜாதிக்காய், கிராம்பு. சீசனில் ரோட்டோரம் மங்குஸ்தானும் துரியனும். (துரியன் வாங்கியவர்களை மூடிக் கட்டச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். பஸ் முழுக்க நாறும்.) அதற்கு மேல் காப்பி, சில்வர் ஓக். காட்டேரி பக்கம் மஞ்சு இறங்கி ஹெட்லைட் போடுகிற இடத்தில் தேயிலை. அருவங்காடு தாண்டியதும் கேரட், பீட்ரூட், கற்பூர மரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே 36 என்றால் ஊட்டியில் 24. காலை டிபன் சாப்பிட்டுக் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் இத்தனை சீதோஷ்ணத்தைக் கடக்கிற பாதை இது. இதை ஒன்றரை மணி நேரத்தில், ஜன்னலை ஏற்றி, ஏசி போட்டு, பாட்டு வைத்துக்கொண்டு கடப்பவர்கள் பிறகு ஊட்டியில் போய் என்ன பார்ப்பதற்குப் படகு வரிசையில் நிற்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆனால் உயரம் ஏற ஏறக் குளிரும் என்பதும் முழு உண்மை இல்லை. ஜனவரியில் ஊட்டியில் நைட் ஹால்ட் போட்டு முதல் வண்டி எடுக்க வரும்போது, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ரேஸ்கோர்ஸ் மைதானம் உப்பு கொட்டியது போல வெள்ளையாகக் கிடக்கும். முன்கண்ணாடியில் பனி இறுகியிருக்கும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மைதானத்துக்கு மேலே சரிவில் இருக்கிற வீடுகளில் அந்த வெள்ளை இருக்காது. குளிர்ந்த காற்று கனமானது. ராத்திரியில் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். பள்ளத்துத் தேயிலைக்காரர்கள் கொழுந்து கருகாமல் இருக்கச் செடி மேல் காய்ந்த செத்தையைப் போர்த்துவார்கள். மேட்டுத் தோட்டக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.

மழையும் அப்படித்தான் ஆள் பார்த்துப் பெய்யும். 2019 ஆகஸ்ட்டில் மேற்கே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதே மாவட்டத்தில் மலைக்கு மறைவாக இருக்கிற மசினகுடி முள்ளுக்காடு. குன்னூர் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகைதான் மழை. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை சரிந்து ரோடே போனதை இந்தப் பாதையில் ஓட்டியவர்கள் யாரும் மறக்க மாட்டோம். ‘நீலகிரியில் மழையா?’ என்று போன் போட்டுக் கேட்பவர்களிடம் நான் எந்தப் பக்கம், எந்த உயரம் என்று திருப்பிக் கேட்பேன். எரிச்சல்படுவார்கள்.

உச்சிக்குப் போனால் வேறு சமாச்சாரம். தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதன் சரிவில் சிவப்பாகப் பூக்கிற ரோடோடென்ட்ரானுக்குச் சொந்தக்காரர்கள் இமயமலையில் இருக்கிறார்கள். முக்கூர்த்தியில் வரையாடு இருக்கிறது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்கச் சேர்த்து 1,031. பள்ளத்தில் வெக்கை கூடினால் பள்ளத்து மரமும் பூச்சியும் கொஞ்சம் மேலே ஏறிப் பிழைத்துக்கொள்ளும். உச்சியில் இருக்கும் வரையாடு எங்கே ஏறும்? அதற்கு மேல் மலை இல்லை.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். உயர் நீதிமன்றம் சொல்லி வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. நல்ல காரியம், நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தப் படிவம் வண்டி எண் கேட்கிறது, எத்தனை பேர், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கிறது. மலையில் வண்டி இறக்கத் தெரியுமா என்று கேட்பதில்லை. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று யோசித்தவர்கள், ஒரு வண்டி எவ்வளவு இறக்கத்தைத் தாங்கும் என்றும் யோசித்திருக்கலாம். பாஸ் கைக்கு வருவதற்கு முன் இரண்டு நிமிட வீடியோ ஒன்றைத் தமிழிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் போட்டுக் காட்டினால் என்ன? ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும் என்பதே வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

‘இரண்டாம் கியரில் செல்லவும்’ என்று பலகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஏன் என்று அதில் இல்லை. ஆட்டோமேட்டிக் ஓட்டுகிற இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள் வண்டியில் இரண்டாம் கியர் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. கொண்டை ஊசி வளைவுக்கு எண் போட்டிருக்கிறார்கள், அதுவும் நல்லது. கல்லட்டிப் பாதையில் 36 வரை எண்ணலாம். மைசூர் போக அதுதான் குறுக்கு வழி என்று போன் கூப்பிடும். வெளியூர் வண்டி அதில் இறங்கக் கூடாதென்று தடை போடும் அளவுக்கு அங்கே சாவு விழுந்திருக்கிறது. அந்தச் சாவுகளில் எத்தனை பேருக்குத் தாங்கள் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறோம் என்று தெரிந்திருக்கும்?

வண்டியோடு முடியவில்லை இந்தக் கதை. கோவைப் பக்கம் வெள்ளியங்கிரி மலைக்குச் சாமி கும்பிட வருஷா வருஷம் மாசி முதல் ஆயிரக்கணக்கில் ஏறுகிறார்கள். ‘ஆறு கிலோமீட்டர்தான், வாக்கிங் போற தூரம்’ என்று கிளம்பி, ராத்திரி முழுக்கத் தூங்காமல், மூங்கில் தடியை ஊன்றி ஏழு மலை ஏறி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களின் செய்தி ஒவ்வொரு சீசனிலும் வருகிறது. சமதளத்தில் ஆறு கிலோமீட்டர் நடப்பது காலுக்கு வேலை. செங்குத்தில் அதே ஆறு நெஞ்சுக்கு வேலை. சென்னையில் காலை காப்பி குடித்துவிட்டு அன்றே விமானத்தில் 3,500 மீட்டரில் இருக்கிற லே போய் இறங்கி, அடுத்த நாளே பைக் எடுக்கிறவர்களைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ராணுவக்காரர்களையே முதலில் படுக்க வைத்துப் பழக்கித்தான் மேலே அனுப்புகிறார்கள்.

நான் கேட்பது கொஞ்சம்தான். ரயில்வே தன் மஞ்சள் பலகையில் போட்டிருக்கிற அந்த எண்ணை ரோட்டுக்கும் கொண்டு வாருங்கள், பெரிய எழுத்தில். ஊட்டி எல்லையில் ஒன்று: ‘இங்கிருந்து மேட்டுப்பாளையம் 1,877 மீட்டர் கீழே.’ குன்னூரில் ஒன்று, பர்லியாரில் ஒன்று, இன்னும் எத்தனை மீட்டர் இறக்கம் பாக்கி என்று. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் தூரத்துக்குப் பக்கத்திலேயே ஏற்றத்தையும் எழுதுங்கள். இறங்குகிற பக்கத்தில், பிரேக் ஆறுவதற்கு வண்டியை ஓரங்கட்ட இடம் ஒதுக்கி, குழந்தைகளுக்குத் தண்ணீர்க் குழாய் ஒன்றும் வையுங்கள்.

அந்தத் தம்பி நாற்பது நிமிடம் கழித்துக் கிளம்பினார். கியர் லீவரைப் பக்கவாட்டில் தள்ளி ஒன்று, இரண்டு என்று இறக்குவது எப்படி என்று காட்டிக் கொடுத்தேன். தன் வண்டியில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதென்றார், வாங்கி இரண்டு வருஷம் ஆகிறதாம். “கல்லாறு போனா இன்னும் நசுங்குமா தாத்தா?” என்றது குழந்தை. நசுங்கும், மூடியைத் திறக்காமல் வை என்றேன். கீழ் வளைவு திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக் லைட் ஒரே ஒரு தடவைதான் எரிந்தது.

பலகை எழுதப் பணம் இல்லையென்றால் சொல்லுங்கள். டீக்கடைக்காரர் தன் சுவரில் ஓரமாக இடம் தருகிறேன் என்றிருக்கிறார். பெயின்ட் என் செலவு.