ஊட்டியைப் பார்க்காமலே ஊட்டிக் கட்டுரை!

ஹைஸ்கூல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் நாலு வரி சொந்தமாக எழுத வராததற்குக் காரணம், அவர்களுக்கு மூளை இல்லாதது அல்ல. தங்களுக்கு நடந்ததை எழுத யாரும் விடாததுதான் என்பது என் அபிப்ராயம்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள், 'நான் போன சுற்றுலா' என்ற தலைப்பில் ஊட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி 'குட்' வாங்கியிருந்தாள். அவள் ஊட்டியைப் பார்த்ததே கிடையாது! கைடில் இருந்ததை மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறாள். அவளுடைய தோழிகளின் நோட்டிலும் அதே ஊட்டி, அதே வரிகள்.

இத்தனைக்கும் நாங்கள் இருப்பது செஞ்சியில். 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12 சேர்ந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம் பிடித்த ஒரே கோட்டை எங்களுடையது. சுமார் 800 அடி உயர ராஜகிரியில் மூச்சு வாங்க ஏறி இறங்கிய பிள்ளைக்கு எழுத விஷயமா இல்லை?

கட்டுரையில் இரண்டு வகை உண்டு. நடந்ததை நடந்தபடி சொல்வது ஒன்று. கதையாகச் சொல்வது இன்னொன்று. முதலாவதுக்கு 'அப்புறம்' என்ற வார்த்தை போதும். "காலையில் கிளம்பினோம், அப்புறம் மலை ஏறினோம், அப்புறம் கல்யாண மகாலைப் பார்த்தோம்." கதைக்கு ஒரு 'ஆனால்' வேண்டும். "சாப்பாட்டுப் பையைப் பிரித்தோம், ஆனால் குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது!" உடனே கேட்பவர், "ஐயையோ, அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று காதைத் தீட்டிக்கொள்வார்.

எங்கள் ராஜா தேசிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு மாண்டார் என்பது சரித்திரத்தில் ஒரு வரி. அதே சங்கதியை, கல்யாணக் கோலத்தை விட்டுவிட்டு நண்பன் போருக்கு ஓடி வந்ததையும், பாராசாரிக் குதிரையையும் சேர்த்து நாட்டுப்புறத்தார் கதைப்பாடலாகப் பாடினார்கள். 300 வருஷம் கழித்தும் ஜனங்கள் மறக்கவில்லையே! வகுப்பில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், எந்தப் பிள்ளைக்குத்தான் வித்தியாசம் புரியாது?

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள்; போர்ஷனும் முடிக்க வேண்டும். சொந்தமாக எழுதினால் தப்பு வரும், மார்க் போகும் என்ற பயமும் நியாயம்தான். ஆனால் பரீட்சையில் குறிப்புகளைக் கொடுத்து விரித்து எழுதச் சொல்கிறார்களே, அதில் புதுக் குறிப்பு வந்தால் மனப்பாடம் எப்படிக் கைகொடுக்கும்?

பத்தாவது வரை மட்டுமே படித்த நான் வீட்டில் செய்வது இதுதான். சாயங்காலம் ஸ்கூலில் நடந்த ஒன்றை மகள் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். 'யாரு, எங்கே, எப்போ, அப்புறம் என்ன' என்று மட்டும் கேட்பேன். பிறகு அதையே அவள் இங்கிலீஷில் ஐந்தாறு சின்ன வாக்கியமாக எழுதுவாள். நம் பிள்ளைகள் 'நேத்து போறேன்' என்று தமிழில் உளறுவதில்லை. ஆனால் இங்கிலீஷில் 'கோ' என்பது 'வென்ட்' ஆகிவிடுகிறது. 'பை' என்பது 'பாட்' ஆகிவிடுகிறது. உருவமே மாறுவதால் தடுமாறுகிறார்கள். அந்த மாதிரி வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். மனப்பாடம் செய்ய வேண்டியது கட்டுரையை அல்ல, இந்த வார்த்தைகளைத்தான்.

இரண்டே மாதத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு லெட்டரே எழுதிவிட்டாள். நாலு தப்பு இருந்தது. ஆனால் அது அவளுடைய லெட்டர்!

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு நாளாவது சொந்த அனுபவத்தை எழுதச் சொல்லுங்கள். எல்லாத் தப்பையும் சிவப்பு மையால் அடிக்காமல், அன்றைக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திருத்துங்கள்.

சகோதரிகளே, நமக்கு இங்கிலீஷ் தெரியாதே என்று ஒதுங்க வேண்டாம். பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க எந்தப் படிப்பும் தேவையில்லை. என்ன, நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, செஞ்சி.