டாப்பு வேற, கூண்டு வேற

டிராக்டருக்கு டாப்பு போட்டாச்சு, கவிழ்ந்தாலும் பயமில்லைங்கிறாங்க எங்க ஊர்ல. அட, அது வெயிலுக்குப் போட்ட தகரம்ங்க! வண்டி புரண்டா அப்பளம்தான். பம்பர், ஆறு லைட்டு, பாட்டுப் பெட்டி, எல்லாத்தையும் காப்பாத்தக் கம்பி வச்சு வெல்டிங். ஓட்டுறவனுக்கு மட்டும் ஒண்ணுமில்லை.

சேத்துல பின்சக்கரம் சிக்கினா, அதுல கட்டையைக் கட்டி கிளட்ச்சைப் பட்டுனு விடுவாங்க. சக்கரம் சுத்த முடியலைன்னா வண்டிதான் முன்பக்கம் தூக்கிப் பின்னால மல்லாக்கும். குதிக்க நேரமிருக்காது.

சுவீடன்ல புது டிராக்டருக்குப் பாதுகாப்புக் கூண்டு 1959லேயே கட்டாயம். ஆஸ்திரேலியாவுல பண்ணைக் குவாட் பைக்கைக்கூட 2021 அக்டோபர்ல இருந்து கவிழ்வுத் தடுப்பு இல்லாம புதுசா விற்க முடியாது.

ஊர்ல உங்க அண்ணன் டிராக்டர் எடுக்கிறாரா? லைட்டுக்குப் பணம் அனுப்பாதீங்க. கூண்டுக்கும் சீட் பெல்ட்டுக்கும் அனுப்புங்க. பெல்ட் போடலைன்னா கூண்டு இருந்தும் ஆள் வெளியேதான் விழுவார்.