அன்னைக்கும் அரை மணி நேரம்



இம்மாதம் வந்த மடல்களுள் ஒன்றை நான் மும்முறை படித்தேன். எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியை. இரு பிள்ளைகளின் தாய். வயது முதிர்ந்த மாமியாரையும் உடன் வைத்துக் காப்பவர். எட்டு மாதங்களுக்கு முன் உடல் எடையைக் குறைப்பதற்கான அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 112 கிலோவாக இருந்த எடை 84 கிலோவுக்கு இறங்கியிருக்கிறது. நீரிழிவு மாத்திரைகளை மருத்துவர் குறைத்துவிட்டார். மாடிப்படி ஏறினால் முன்போல் மூச்சு வாங்குவதில்லை. ஆயினும், சென்ற ஒன்றரை மாதமாக எடை அசையவில்லை, முடி கொட்டுகிறது, மாலையானால் நிற்கவும் வலுவில்லை.

"நடக்கச் சொன்னார்கள், நேரத்துக்கு உண்ணச் சொன்னார்கள். எனக்கு நேரம் எங்கே இருக்கிறது? இவ்வளவு செலவழித்து ஆபரேஷன் செய்தாயிற்றே, இன்னும் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கென்று அரை மணி நேரம் எடுத்துக்கொண்டால் அது தன்னலம் போலத் தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறார். இந்நிலையில் வேறு பலரும் இருக்கக்கூடும் என்பதால், அவர் பெயரை மறைத்து, இப்பகுதியிலேயே மறுமொழி எழுதுகிறேன்.

அன்புச் சகோதரி,

ஆபரேஷன் செய்தாயிற்றே, இன்னும் என்ன என்று கேட்பவர்கள் இதனைக் குடல்வால் அறுவையைப்போல எண்ணுகிறார்கள். குடல்வாலை அகற்றித் தையலும் பிரித்துவிட்டால் பின்னர் அதை நினைக்கவேண்டியதில்லை. தங்களுக்குச் செய்யப்பட்டது அவ்வகையைச் சேர்ந்ததன்று. இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு அதிகமாகவே வெட்டி அகற்றிவிட்டு, எஞ்சியதை ஒரு வாழைப்பழ வடிவில் ஒடுங்கிய குழாயாக விட்டிருக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அகற்றப்பட்ட அப்பகுதியில்தான். ஆகவே முதல் மாதங்களில் பசி அடங்கிக் கிடக்கும். உணவும் சிறிதளவே உட்செல்லும். எடை தானாகவே குறைவது போலத் தோன்றும். அந்தத் "தானாக" என்பது நீண்ட நாள் நிலைப்பதில்லை.

சுவீடன் நாட்டில் 1987-ஆம் ஆண்டு தொடங்கி, நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு உண்டு. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தகைய அறுவை செய்துகொண்டவர்கள். அறுவை செய்துகொண்டோரிடையே மரணங்கள் குறைந்திருந்தன என்று 2007-இல் அவ்வாய்வு அறிவித்தது. ஆகவே தாங்கள் எடுத்த முடிவு தவறானதன்று. அதே ஆய்வு வேறொன்றையும் காட்டியது. எடை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மிகவும் குறைந்து, பின்னர் ஓரளவு ஏறி, பத்தாம் ஆண்டளவில் ஒரு நிலையில் நின்றது. இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்டோர் நூற்றுக்கு 32 பங்கு எடை இழந்து, பத்தாண்டுகளின் முடிவில் 25 பங்கு இழப்பில் நின்றார்கள். அம்முறை தங்களுடையதிலிருந்து வேறுபட்டது. எனினும் போக்கு ஒன்றே. பசி அடங்கியிருக்கும் இக்காலத்தில் எவ்வழக்கங்களை ஊன்றுகிறோமோ, பசி திரும்பி வரும்போது அவையே நமக்குத் துணை.

எட்டாம் மாதத்தில் எடை சற்று நின்றுவிடுவது கண்டு அஞ்சவேண்டாம். 84 கிலோ உடலைச் சுமந்து நடப்பதற்கு 112 கிலோவுக்குச் செலவான அளவு ஆற்றல் தேவைப்படாது. அன்றியும், எடை குறையும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை; தசையும் உடன் கரைகிறது. போதிய புரதமும் தசைக்கு வேலையும் இல்லாவிடின் அக்கரைவு மிகும். மாலைநேரத் தளர்ச்சிக்கு இஃது ஒரு காரணமாகலாம். இரும்புச்சத்துக் குறைவும் காரணமாகலாம். முடி உதிர்தல் பொதுவாக மூன்றாம் மாதத்துக்கு மேல் தோன்றிப் பின் நின்றுவிடும்; நீடித்தால் உணவையும் இரத்தத்தையும் சோதிக்கவேண்டும். அறுவை செய்த மருத்துவரிடம் காலந்தாழ்த்தாமல் செல்லுங்கள்.

இனி நேரத்தைப் பற்றிக் கணக்குப் பார்ப்போம். ஒவ்வொரு வேளையும் நன்கு மென்று, இருபது முதல் முப்பது நிமிடம் எடுத்து உண்ணவேண்டும் என்று தங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சிறிது சிறிதாக ஐந்து வேளை என்றால், உண்பதற்கு மட்டும் இரண்டு மணி நேரம். நடைக்கு அரை மணி நேரம். ஆக, இரண்டரை மணி நேரத்தை இந்த அறுவை ஒவ்வொரு நாளும் தங்களிடம் கேட்கிறது. சோம்பேறிகளின் குறுக்குவழி என்று இதைப் பழிக்கும் சுற்றத்தார் ஒருவரேனும் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. ஒரு வாரம் தங்களோடு அமர்ந்து, தங்கள் அளவே உண்ணும்படி அவரைத் தாராளமாக அழைக்கலாம்.

நம் வீடுகளில் தாய் எப்படி உண்கிறாள்? காலையில் நின்றபடியே இரண்டு இட்லியை விழுங்கிவிட்டுப் பேருந்துக்கு ஓடுகிறாள். இரவில் பிள்ளைகள் மிச்சம் வைத்த சோற்றை வீணாக்க மனமின்றித் தன் தட்டில் சேர்த்துக்கொள்கிறாள். மீன் துண்டு கணவருக்கும் பிள்ளைகளுக்கும், குழம்பு அவளுக்கு. இதைத் தியாகம் என்று போற்றியே பழகிவிட்டோம். தங்களுக்கோ நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது தேவை. இரண்டு இட்லியில் கிடைப்பது நாலு கிராம் அளவே. ஒரு முட்டையில் ஆறு கிராம். இனித் தங்கள் தட்டில் மீனோ முட்டையோ பயறோ முதலில், காய்கறி அடுத்து, சோறு கடைசியில், இடமிருந்தால். பிள்ளைகளின் மிச்சத்துக்கு அங்கே இடமில்லை. அவசரமாய் விழுங்கினால் நெஞ்சடைத்து வாந்தி வரும் என்பது இதற்குள் தங்களுக்கே தெரிந்திருக்கும்.

நீரும் அப்படியே. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும். ஆனால் உணவோடு பருகலாகாது, உண்டபின் அரை மணி நேரம் கழித்து, மடக்கு மடக்காக. பள்ளியில் கழிப்பறை சரியில்லை என்று பகல் முழுவதும் நீரருந்தாமல் இருக்கும் ஆசிரியைகளை நான் அறிவேன். தலைமையாசிரியரிடம் கூச்சமின்றிப் பேசுங்கள். வகுப்பு மேசையில் ஒரு நீர்ப் புட்டி இருப்பதால் ஒழுங்கு குலைந்துவிடாது.

என் அண்ணியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். 2015-ஆம் ஆண்டில் அவர் இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்டார். வாழ்நாள் முழுவதும் வைட்டமின் மாத்திரைகள் உண்ணவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாம் ஆண்டில், "நலமாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்திவிட்டார். சில மாதங்கள் சென்று, காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் தெருவில் நடந்து வந்தார். பாதங்கள் மரத்துப்போயிருந்தன. பி 12 சத்து அடிமட்டத்துக்குப் போயிருந்தது. மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். பெரும்பாலும் குணமாயிற்று, இடக்கால் விரல்களில் மட்டும் இன்றும் சிறிது மரப்பு உண்டு. என்னை உறுத்தியது வேறொன்று. அம்மாதங்களிலெல்லாம், அதே மருந்துக்கடையில், என் அண்ணனுடைய இரத்த அழுத்த மாத்திரைகளை ஒரு மாதமும் தவறாமல் அவர் வாங்கி வந்திருக்கிறார்!

தங்கள் மாத்திரைகளைப் பற்றி ஒரு சொல்: இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கவேண்டாம், இடையே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். இரும்பு மாத்திரையோடு காப்பியும் தேநீரும் ஆகா.

தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் உரிய ஒருசந்திக் கடன் 18 வயது நிறைந்து 60-ஆம் வயதை எட்டாதோருக்கு உரியது. உடல்நிலை இடந்தராதவர்களை அது கட்டுப்படுத்துவதில்லை. நாள் முழுவதற்கும் ஒரே நிறையுணவு என்பது தங்கள் இரைப்பைக்கு இயலாத காரியம். ஐயமிருப்பின் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். பட்டினி கிடந்துவிட்டுப் பிறகு கேட்கவேண்டாம்.

நடையைப் பொறுத்தமட்டில், வாரத்துக்கு 150 நிமிடம் என்பது முதல் இலக்கு. முடிந்தால் பின்னர் கூட்டலாம். ஒரே மூச்சில் அரை மணி நேரம் கிடைக்காவிடில் பத்துப் பத்து நிமிடமாக மும்முறை நடந்தாலும் பயனுண்டு. தெருநாயும் தெருவார் கண்ணும் தடையென்று எழுதியிருந்தீர்கள்; மொட்டை மாடி இருக்கிறதே. புடவையோடு நடப்பதில் பிழையில்லை, ஆனால் தேய்ந்த ரப்பர் செருப்போடு வேண்டாம். வாரத்தில் இரு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். கைப்பிடியைப் பற்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வதும், நீர் நிறைத்த ஒரு லிட்டர்ப் புட்டியைக் கைக்கொன்றாகப் பிடித்துத் தோள்வரை உயர்த்துவதும் தொடக்கத்துக்குப் போதும். தளர்ந்து தொங்கும் தோலின் மடிப்புகளில் வியர்வையால் புண்ணாகாதபடி துடைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். இதற்கும் ஐந்து நிமிடம் வேண்டும், இதுவும் தன்னலமன்று.

அடுத்த சில வரிகள் தங்கள் கணவருக்கு. இப்பக்கத்தை மடித்து அவருடைய செய்தித்தாளுக்குள் வைத்துவிடுங்கள்.

ஐயா, தங்கள் துணைவியாரின் அறுவைக்காகத் தாங்கள் கடன்பட்டீர்கள் என்று அறிகிறேன். அது பெரிய காரியம். ஆனால் இலட்சங்களைப் புரட்டிய வீட்டில் அரை மணி நேரத்தைப் புரட்ட முடியவில்லை என்பதை எப்படி ஏற்பது? காலை ஐந்தரை முதல் ஆறு மணி வரை அடுப்படி தங்களுடையதாக இருக்கட்டும். பால் காய்ச்சுவதும், அன்னைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், பிள்ளைகளை எழுப்புவதும் கற்கமுடியாத கலைகள் அல்ல. முதல் வாரம் பால் பொங்கி வழியும். பொறுத்துக்கொள்ளச் சொல்லி அவருக்கும் எழுதுகிறேன். இரவில் அவர் உண்ண அமர்ந்தபின் தண்ணீர் கேட்டோ ஊறுகாய் கேட்டோ யாரும் அவரை எழுப்பவேண்டாம்.

சகோதரி, பால் பொங்கினால் மாடியிலிருந்து இறங்கி வராதீர்கள். இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மாமியார் அவர்களுக்கு என் வணக்கத்தைக் கூறவும். மாலையில் கைத்தாங்கலாக அவர்களை மாடிக்கு அழைத்துச் சென்று நாற்காலியில் அமர்த்த இயலுமாயின், தாங்கள் எத்தனை சுற்று நடந்தீர்கள் என்று எண்ணுவதற்கும் ஓர் ஆள் கிடைத்துவிடும்.