கமராவின் சாட்சியம்

நம்மவரிடையே ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கின்றது. சந்தியிலே பொலிசார் நின்றால் ஒழுங்காகச் செல்வோம். நில்லாவிடின், ஒருவழிப் பாதையென்று பலகை நாட்டியிருந்தாலும் எதிர்த்திசையிற் புகுந்துவிடுவோம். “இரண்டு நிமிஷத்து வேலைதானே” என்பது நாம் நமக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். வாகனம் வராதென்று நம்பிய திக்கிலிருந்து அந்த இரண்டு நிமிஷத்திலே ஒரு வாகனம் வந்தால், புத்தகப் பையுடன் துவிச்சக்கரவண்டியிற் செல்லும் பிள்ளையின் கதி என்னாகும்? ஆதலால், ஆள் நில்லாத சந்தியிலும் ஒரு கண் விழித்திருக்கவேண்டுமென்று பிறநாட்டார் எண்ணியதில் வியப்பில்லை.

அக்கண்ணை நகரசபைகளிடமே ஒப்படைத்த இடம் இலண்டன். 2003 ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால், தடுத்த பக்கம் திரும்புதல், நுழையலாகாத வீதியில் நுழைதல், சந்தியின் நடுவே மஞ்சட் கோடுகளாற் பின்னிய சதுரத்துள் வழிமறித்து நிற்றல் ஆகிய குற்றங்களுக்குக் கமராவின் துணைகொண்டு தண்டம் விதிக்கும் அதிகாரம் அங்குள்ள சபைகளுக்குக் கிடைத்தது. பள்ளி கூடும் வேளையிலும் கலையும் வேளையிலும் பள்ளி வாயிலிலுள்ள வீதிகளுக்குள் மோட்டார் வண்டிகள் வாராதபடி பல இடங்களிலே காவல் செய்வதும் கமராவே. ஹரோவிலும் ஈஸ்ற்ஹாமிலும் வாழும் நம் உறவினர் தபாலில் வரும் இத்தண்டக் கடிதங்களை அறிவர். 2025 ஆம் ஆண்டில் மிகுதியான தண்டம் 130 பவுணிலிருந்து 160 பவுணாக உயர்ந்தது. பதினான்கு நாளிற் கட்டினாற் பாதி போதும்.

இங்ஙனம் பொறியொன்று சாட்சி சொல்லும்போது நீதி எங்ஙனம் நிற்கும் என்பதே நாம் சிந்திக்கவேண்டிய வினா. சிலப்பதிகாரம் கற்கும் மாணவருக்கு இது புதிய வினாவன்று. கோவலனிடம் சிலம்பு இருந்தது உண்மை. ஆயினும் தீர்ப்புப் பொய்யாயிற்று. அச்சிலம்பு யாருடையது, அவனிடம் எவ்வாறு வந்தது என்று பாண்டியன் வினவவில்லை. கண்ணகி வழக்குரைத்துச் சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டியபோது உண்மை விளங்கிற்று. அதற்கு முன்னரே ஓர் உயிர் போய்விட்டது.

கமராவும் அத்தகைய சான்றுதான். மஞ்சட் சதுரத்துள் வண்டி நின்றதை அது காட்டும். பின்னால் வந்த நோயாளர் வண்டிக்கு வழிவிட்டு நின்றதா என்பதைச் சொல்லாமலும் விடலாம். காட்சி பொய்யன்று, காட்சியொன்றே தீர்ப்பாதல்தான் தவறு.

இதனை உணர்ந்தே அந்நாட்டார் சில காவல்களையும் வகுத்துள்ளனர். தண்டத்தை மறுப்பவர் முதலிற் சபைக்கு எழுதலாம். சபை ஏற்காவிடின், சபையைச் சாராத நடுவரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இலண்டனுக்கு வெளியேயுள்ள இங்கிலாந்துச் சபைகள் 2022 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதி முதல் இவ்வதிகாரத்தைக் கேட்டுப் பெறலாயின. அங்கே கமரா புதிதாக வைக்கும் இடத்தில், முதல் ஆறு மாதங்களுக்கு ஒருவரது முதற் பிழைக்கு எச்சரிக்கை மட்டுமே அனுப்பவேண்டும். ஆயினும் ஒரு குறை உண்டு. உடனே கட்டினாற் பாதி, நடுவரிடஞ் சென்று தோற்றால் முழுமை என்னும்போது, குற்றமற்ற ஏழையும் “பாதியோடு போகட்டும்” என்று எண்ணுவான் அல்லவா?

நம் நாட்டிலே இவ்வேலை சபைகளுடையதன்று; பொலிசாருடையது. கொழும்பில் அவர்கள் 2024 ஆம் ஆண்டு ஜனவரி 22 ஆந் திகதி கமராக் காட்சிகொண்டு வீதிக் குற்றங்களைக் கண்டறியும் முறையைத் தொடங்கினர். வண்டியின் இலக்கத்தால் உரிமையாளரைக் கண்டு, அவர் வாழும் பகுதிப் பொலிஸ் நிலையத்தின் வாயிலாக அறிவித்தல் அனுப்புவது அம்முறை. யாழ்ப்பாணத்துக்கும் அது வருமாயின், நம்மிடையே ஒரு சிக்கல் காத்திருக்கின்றது. வண்டியை விற்றபின் பெயர் மாற்றாமல், கையொப்பமிட்ட பத்திரத்தை மட்டும் கைமாற்றி ‘ஓப்பன் பேப்பர்’ என்று ஓட்டும் வழக்கத்தை யார் அறியார்? சாவகச்சேரியிலே ஒருவர் என்றோ விற்ற மோட்டார்ச் சைக்கிள் யாழ்ப்பாண நகரின் ஒருவழிப் பாதையில் எதிர்த்துச் சென்றால், கடிதம் சாவகச்சேரி வீட்டுக்கே வரும். விற்றவர் கோவலன் நிலையில் நிற்பார்.

ஆகவே, கமரா வருமுன் செய்யவேண்டியவை சில உள. வண்டி விற்றவரும் வாங்கியவரும் பெயர்மாற்றத்தை நாளைக்கென்று தள்ளிவைத்தல் ஆகாது. வீதியை ஆள்வோர், அறிவித்தற் பலகையை மரக்கிளையும் விளம்பரமும் மறையாதபடி தமிழிலும் தெளிவாக நாட்டுதல் வேண்டும். மறுப்புக் கூறுவோரைக் கேட்பதற்குத் தண்டம் விதித்தவரல்லாத ஒருவர் இருத்தல் வேண்டும். தண்டப்பணம் சேர்ந்தால் அது எவ்வீதிக்குச் செலவாயிற்று என்பதும் மக்களுக்குத் தெரிதல் வேண்டும்.

எத்தனை கமரா வைத்தாலும் குடாநாட்டின் ஒழுங்கைகள் எல்லாவற்றிலும் வைத்தல் இயலாது. நம் பிள்ளைகள் நடந்து செல்வதோ பெரும்பாலும் அவ்வொழுங்கைகளிலேதான். அங்கே அவர்களுக்குக் காவல், வண்டி ஓட்டுவோனின் மனச்சான்று ஒன்றே.