லூப் இல்லாமல் ஒரு வாய்ப்பாடு

திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை ராகம் போட்டு ஒப்பித்தார்கள் நம் முன்னோர். நாமோ லூப்புக்குள் லூப் போடும் புரோகிராமை மனப்பாடம் பண்ணி பிராக்டிகலில் எழுதுகிறோம். வாய்ப்பாட்டுக்குள்ளே என்ன இருக்குன்னு யார் பார்த்தா?

கென்னத் ஐவர்சன் 1962-ல் எழுதிய நூலிலிருந்து பிறந்த ஏ.பி.எல். மொழியில், 1 முதல் 12 வரையுள்ள வரிசையை அதே வரிசையோடு பெருக்கல் குறியால் கோர்த்தால் போதும். 144 விடையும் கட்டமாக வந்து விழும். ஒரே வரி! கூட்டல் குறி போட்டால் கூட்டல் வாய்ப்பாடு. மீதிக் குறி போட்டுப் பாருங்க: இரண்டே பூஜ்ஜியம் உள்ள நெடுவரிசை எல்லாம் பகா எண்.

"அந்தக் குறியெல்லாம் கீபோர்டில் இல்லையே" என்பார்கள். அதற்குத்தான் 1990-ல் ஜே மொழி வந்தது. சாதாரண கீபோர்டே போதும், இப்போது இலவசமும்கூட. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ் ஏறி வரும் முதலாண்டுத் தம்பி, தங்கைகளுக்கு லூப்புக்கு முன்னால் இதைக் காட்ட, லேபில் ஒரு மணி நேரம் சங்கம் கேட்டு வாங்கட்டும்.