சித்திரத்துக்கு ஓர் ஆசனம் இல்லையா?

தலைநகரின் விஞ்ஞான பவனில் 2024 அக்டோபரில் எழுபதாவது தேசியத் திரைப்பட விருதுகள் வழங்கப்பெற்றன. மறுநாள் நாளேடுகளில் நடிகர் நடிகையரின் படங்களைக் கண்டு மகிழ்ந்த நம்மவருள் எத்துணைப் பேர், அப்பட்டியலிலிருந்து ஒரு விருது மறைந்துபோனதைக் கவனித்திருப்போம்? முழுநீள அசைவூட்டப் படத்துக்கென, அதாவது நாம் பொதுவாகக் 'கார்ட்டூன்' என்று சொல்லி ஒதுக்கும் கலைக்கென இருந்த தனி விருது அது.

2006-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகளில்தான் அது தோன்றியது. முதலில் பெற்றது 'கிட்டு' என்னும் தெலுங்குப் படம். அடுத்த ஆண்டுக்குரியதைப் பெற்றது தமிழ்ப் படம். வெங்கி பாபு இயக்கி, இளையராஜா இசையமைத்த 'இனிமே நாங்கதான்'. தமிழுக்குக் கிடைத்த தேசிய விருதுகளை விரல்விட்டு எண்ணிப் பெருமை பேசும் நம் கூட்டங்களில் இப்பெயர் ஒலிக்கக் கேட்டவர் அரியர்.

இப்போது நிகழ்ந்திருப்பது என்ன? அசைவூட்டம், காட்சி விளைவுகள், கணினி விளையாட்டு, சித்திரக்கதை ஆகிய நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளால் 'ஏ.வி.ஜி.சி.' என்று பெயரிட்டுவிட்டார்கள். அம்மூட்டைக்குரிய விருது முதலில் 'பிரம்மாஸ்திரா'வுக்கும், 2025-இல் 'ஹனு-மான்' படத்துக்கும் சென்றது. இரண்டும் நடிகர்கள் முகங்காட்டி நடித்த படங்கள்; மாயக் காட்சிகள் கணினியில் சேர்க்கப்பட்டவை. அக்கலைஞர்தம் உழைப்பை நான் குறைத்துரைக்கவில்லை. ஆனால், ஆடியவளையும் அவளுக்கு ஒப்பனை செய்தவரையும் ஒரே பரிசுக்குப் போட்டியிடச் செய்தல் எவ்வகை நீதி? அசைவூட்டப் படத்தில் ஓவியனே நடிகன். திரையில் ஒரு வினாடிக்கு இருபத்து நான்கு சட்டங்கள் ஓடுகின்றன. ஒரு படத்தை இரு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் நிமிடத்துக்கு 720 படங்கள் வேண்டும். கண்ணிமைப்பும் பெருமூச்சும் அவன் கையிலிருந்தே பிறக்கின்றன.

"ஆண்டுக்கொரு நல்ல படங்கூட வருவதில்லையே" என்பர். உண்மை, அத்தனி விருது பல ஆண்டுகள் எவர்க்கும் வழங்கப்படாமலே கிடந்தது. விளைச்சல் குறைந்த நிலத்துக்கு நீர் பாய்ச்சுவதா, வாய்க்காலையே தூர்ப்பதா? "குறும்படப் பிரிவில் இடம் உண்டே" என்றும் கூறுவர். உண்டுதான். 'எ கோகனட் ட்ரீ' அதே எழுபதாவது விருதுகளில் அவ்விடத்தைப் பெற்றது. சிறுகதைக்குப் பரிசிருக்கிறதே, நாவலுக்கு எதற்கென்று எவரேனும் கேட்பரோ?

இப்பார்வை நமக்கு மட்டும் உரியதன்று. ஆலிவுட்டின் ஆஸ்கர் குழுவினர் 1932 முதலே குறும் அசைவூட்டப் படங்களுக்குப் பரிசளித்தும், முழுநீளப் படத்துக்கெனத் தனிப் பரிசு தர 2002 வரை காலந்தாழ்த்தினர். ஆனால் அதே 2002-இல் பெர்லின் விழாவில் ஜப்பானியர் மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே', நடிகர்கள் நடித்த படங்களோடு சரிநிகராய் நின்று தங்கக் கரடி விருதைப் பகிர்ந்துகொண்டது.

தில்லியில் பிள்ளை வளர்த்த பெற்றோர் 1974-இல் வந்த 'ஏக் அனேக் அவுர் ஏக்தா'வை மறந்திருக்க மாட்டார்கள். தூர்தர்ஷனில் அது வரும்போது, இந்தி எழுத்துக்கூட்டத் தடுமாறிய நம் பிள்ளைகள் பாட்டாகவே பாடித் திரிந்தனர். தந்தவர் விஜயா மூளே. சித்திரங்களுக்கு உயிரூட்டியவர் பீம்சேன். தேசிய விருது அதற்கும் கிடைத்தது, சிறந்த கல்விப் படம் என்று! பயன் கருதிப் பாராட்டினார்கள், கலையென்று பாராட்டவில்லை.

விருதுக் குழுவினரை மட்டும் சாடிப் பயனில்லை. "பெரியவனாகிவிட்டாய், இன்னும் கார்ட்டூனா?" என்று பிள்ளையின் கையிலிருந்து பொத்தானைப் பறிப்பவர் நாமே. வரையும் மகனைப் பொறியியலுக்குத் துரத்துபவரும் நாமே.

தனி விருதை மீட்டுத் தருமாறு தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவது, தலைநகரில் இருக்கும் நமக்கு அரிதன்று. சங்கத்தின் அடுத்த குழந்தைகள் தின நிகழ்ச்சியில் திரைப்பாட்டு நடனங்களுள் இரண்டைக் குறைத்து, 'இனிமே நாங்கதான்' படத்தைத் திரையிட்டு, அன்று வருவோரிடமே கையொப்பம் பெறலாம்.